கொக்கிப்புழுவும் செருப்பும்

"தம்பி, தலைப்பு நல்லாருக்கு. இந்தச் சாதியை மட்டும் எடுத்துருங்க."

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போன அன்று நெறியாளர் எனக்குச் சொன்ன முதல் அறிவுரை இதுதான். கல்லூரி பேர் எதற்கு, ஆள் பேர் எதற்கு? தமிழ்நாட்டில் எந்த வரலாற்றுத் துறைக் கதவைத் தட்டினாலும் இதே வாக்கியத்தை வேறு வேறு குரலில் கேட்கலாம். நான் எழுதிக்கொண்டு போன தலைப்பு மண்டபம் முகாம் பற்றியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்களை அங்கே நிறுத்தி, மருத்துவச் சோதனை செய்து, கப்பலேற்றிய கதை. "அறிவியல் வரலாறுன்னா சயின்ஸைப் பத்தி எழுதுங்க. புலம்பெயர்வுன்னா எத்தனை பேர் போனான், எத்தனை பேர் வந்தான்னு எழுதுங்க. சாதியெல்லாம் சோசியாலஜிக்காரன் பாத்துக்குவான்" என்றார். நல்ல மனுசன்தான். டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னார்.

அந்த டீக்கு இன்றைக்குத்தான் பதில் சொல்கிறேன்.

பழங்காநத்தத்தில் எங்கள் அப்பத்தாவைச் "சிலோன்காரி" என்பார்கள். தெற்கே போகிற பஸ்ஸெல்லாம் பழங்காநத்தத்திலிருந்து கிளம்பிய காலத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இட்லி விற்ற கிழவி. அவள் மண்டபத்தை இரண்டு தடவை பார்த்தவள். முதல் தடவை ஆறேழு வயசில், அப்பன் ஆத்தாளோடு போகும்போது. இரண்டாவது தடவை, சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் புருசன் பிள்ளைகளோடு திரும்பி வரும்போது. இரண்டு தடவையும் அவளை வரிசையில் நிறுத்தினார்கள். "போறப்ப பேதிக்குக் குடுத்தாய்ங்கடா, வாறப்ப கார்டு குடுத்தாய்ங்க" என்பாள். நூற்றைம்பது வருச வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தப் பேதி மருந்து என்ன, அந்தக் கார்டு என்ன, இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் விசயம்.

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். அதற்கு முன்னால் நம்ம ஆட்கள் தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் கால்நடையாக நடந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. எழுபதாயிரம் பேர் என்று 1849ல் ஒரு கொழும்புப் பத்திரிகை எழுதியது. அந்த எண் கூடுதலா குறைவா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். பாலம் வந்தபின் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் என்று ஆனது. அதற்கு வாசற்படியாக மண்டபத்தில் ஒரு முகாம். இந்திய மண்ணில் இருந்தது, நடத்தியது இலங்கை அரசாங்கம். திருச்சியில் ஆபீஸ் போட்டிருந்த சிலோன் லேபர் கமிஷன் ஆள் பிடித்து அனுப்பும், முகாமில் சில நாள் அடைத்து வைப்பார்கள். அம்மை குத்துவார்கள். துணிமணியை வாங்கி ஆவியில் போட்டு எடுப்பார்கள். காலரா, அம்மை, பிளேக் எதுவும் தலைகாட்டவில்லையென்றால் கப்பலுக்கு அனுப்புவார்கள்.

இதில் என்ன தப்பு, நோய் பரவாமல் தடுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். தடுக்கத்தான் வேண்டும். அம்மை குத்தியதால் சாகாமல் பிழைத்தவர்களின் பேரன் பேத்திகள்தான் நாம். என் சண்டை அம்மை ஊசியோடு இல்லை. அதே ரயிலில் முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் துரைமார், வக்கீல்மார், செட்டியார்மார் போனார்கள். அவர்களை டாக்டர் பார்ப்பார், விலாசம் எழுதிக்கொள்வார், அனுப்பிவிடுவார். கூலிக்குத்தான் கம்பிவேலி. காலராக் கிருமிக்கு டிக்கெட் பார்க்கத் தெரியுமா என்ன? முதல் வகுப்பு மெத்தையில் ஏறமாட்டேன் என்று அது யாரிடமாவது எழுதிக் கொடுத்திருந்ததா? மலேயாக் கப்பலிலும் இதே கதைதான். மேல்தட்டில் வெயிலில் கிடந்து போனவர்களைப் பினாங்குப் பக்கம் ஜெரஜாக் தீவில் இறக்கி வைத்தார்கள், அறை எடுத்துப் போனவர்கள் நேரே ஊருக்குள் போனார்கள். 1896ல் பம்பாயில் பிளேக் வந்ததையொட்டி 1897ல் தொற்றுநோய்ச் சட்டம் போட்டார்கள். சென்னை மாகாணத்தில் பிளேக் பாஸ்போர்ட் என்றே ஒரு சீட்டுக் கொடுத்து ஆளைக் கண்காணித்தார்கள். சீட்டோடு தினமும் போய் நிற்க வேண்டியவன் யார், வீட்டிலேயே வைத்துப் பார்க்கப்பட்டவன் யார் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

அந்த 1897 சட்டத்தைத்தான் 2020 மார்ச்சிலும் தூசி தட்டி எடுத்தார்கள். விமானத்தில் வந்தவரைக் கும்பிட்டுக் கையில் முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். உத்தரப்பிரதேசத்தில் பரேலியில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைப் பிள்ளைகுட்டிகளோடு ரோட்டில் உட்கார வைத்துப் பூச்சிமருந்து அடிப்பதுபோல் கிருமிநாசினியைப் பீய்ச்சி அடித்தார்கள். மண்டபம் முடிந்துபோன வரலாறு என்று நினைக்கிறவர்கள் அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்கட்டும்.

சரி, பேதி மருந்துக்கு வருவோம். நெறியாளரிடம் நான் சொல்ல முடியாமல் போனது இதுதான்.

கொக்கிப்புழு என்று ஒரு புழு. குடலில் கொக்கி போட்டுக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். வந்தவன் வெளுத்து, சோர்ந்து, மூச்சு வாங்கி நிற்பான். துரை அவனைச் சோம்பேறி என்பான். இது வாய் வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. மலம் கலந்த ஈர மண்ணில் இதன் குஞ்சு கிடக்கும். வெறுங்காலோடு மிதித்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பணத்தில் நடந்த உலகச் சுகாதார வாரியம் 1916 வாக்கில் இலங்கைத் தோட்டங்களில் இதை ஒழிக்க இறங்கியது. ஆயிரக்கணக்கில் மலத்தைச் சோதித்தார்கள். மருந்து கொடுத்து, மேலே பேதிக்கு உப்பும் கொடுத்தார்கள். கக்கூஸ் கட்டுங்கள் என்று தோட்டத் துரைகளைக் கெஞ்சினார்கள். செலவுக்கு அழுதான் துரை. அவன் சொன்ன பதில் என்ன தெரியுமா? இந்த நோய் இங்கே உள்ளது இல்லை, இந்தியக் கூலி கொண்டுவருவது, அங்கேயே புழுவை எடுத்துவிட்டு அனுப்புங்கள். அப்படித்தான் மண்டபத்திலேயே புழு மருந்து ஊற்றும் ஏற்பாடு வந்தது. மருந்து குடித்துச் சுத்தமான குடலோடு போகிறவனை எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள்? கக்கூஸே இல்லாத லயத்துக்கு. மறுபடி மண்ணை மிதிப்பான், மறுபடி புழு ஏறும்.

இது வரைக்கும் எந்த அறிவியல் வரலாற்று நூலும் சொல்லும். ஃபூக்கோவைக் கரைத்துக் குடித்தவர்கள் இன்னும் அழகாகச் சொல்வார்கள். உடல், அதிகாரம், கண்காணிப்பு, காலனியச் சொல்லாடல் என்று முந்நூறு பக்கம் போகும். நானும் அதெல்லாம் படித்தவன்தான், பயனில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முந்நூறு பக்கத்திலும் ஒரு சின்னக் கேள்வி இருக்காது. அந்தக் கால் ஏன் வெறுங்காலாக இருந்தது?

வறுமை என்பார்கள். வறுமைதான். வறுமை மட்டும்தானா? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கசாதி நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை விதித்தார்கள். 1931 சென்சஸின் கமிஷனர் ஹட்டன் அதை ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார். தங்கம் வெள்ளி நகை போடக்கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி தொங்கக்கூடாது. சட்டை பனியன் கூடாது. முடி வெட்டிக் கிராப்பு வைக்கக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் ஆகாது. பெண்கள் மேல் துணி போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடு மாடுகளைக் கொள்ளையடித்தார்கள்.

ராமநாதபுரம் ஜில்லா, தோழர்களே! மண்டபம் எந்த ஜில்லாவில் இருக்கிறது? அதே ராமநாதபுரத்தில்தான். ஒரே ஜில்லாவில், ஒரே வருசத்தில், கடற்கரையில் ஒரு டாக்டர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பாதம் வழியாக ஏறிய புழுவுக்கு மருந்து ஊற்றுகிறார். உள்ளே முப்பது நாற்பது மைல் தள்ளி, அந்தப் பாதத்தில் செருப்பு ஏறினால் குடிசை எரிகிறது. டாக்டருடைய ரிப்போர்ட்டில் செருப்பு இருக்கும், தடை இருக்காது. நாட்டார்களின் தடை வேறொரு அறிக்கையில் சாதிப் பழக்கவழக்கம் என்ற தலைப்பில் கிடக்கும். ஒன்று அறிவியல் வரலாறாம், இன்னொன்று சோசியாலஜியாம். இரண்டு அலமாரியிலும் கிடப்பது ஒரே மனுசனின் ஒரே கால். அந்தக் காலை நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி ஒழுங்கு.

தோட்டத்தில் எல்லாச் சாதிக்காரனும் வெறுங்காலோடுதானே நின்றான் என்று ஒரு மார்க்சியத் தோழர் என்னை மடக்கினார். நின்றான். ஆனால் போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பறையர், பள்ளர், சக்கிலியர். அவர்களை அழைத்துப்போன பெரிய கங்காணிகள் பெரும்பாலும் மேலே உள்ள சாதி. லயத்தில் காம்பிரா ஒதுக்கியதும் சாதி பார்த்துத்தான். கங்காணிக்குச் செருப்பும் உண்டு, கோட்டும் உண்டு, தலைப்பாகையும் உண்டு. பழைய போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். யார் காலில் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள், போதும்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். தடைப் பட்டியலில் உள்ள சாமான்களைப் பாருங்கள்: வெள்ளி நகை, சட்டை, குடை, செருப்பு, மண் அல்லாத பாத்திரம். கடல் கடந்து போய் வந்தவன் மூட்டையில் இருக்கக்கூடிய சாமான்கள் இல்லையா இவை? போய்வந்த காசுதான் நாட்டார்களின் கண்ணை உறுத்தியதா? நிரூபிக்கக் கூடியதோ மறுக்கக் கூடியதோ, ஆவணத்தில் உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும்! 1931 ஜூனில் அந்த எட்டு பதினொன்றாக வளர்ந்தது. புதிதாகச் சேர்ந்தவற்றில் ஒன்று, அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்கவேண்டும் என்பது. செருப்புக்கு அடுத்து படிப்பு. நாட்டார்களுக்கு இருந்த தெளிவு நம் பல்கலைக்கழகங்களுக்கு இல்லை. இரண்டும் ஒரே விசயம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனிக் கார்டு.

மண்டபம் வழியாகப் போனவனுக்குக் கழுத்திலோ கையிலோ கட்ட ஒரு தகர வில்லை உண்டு. தகர டிக்கெட் என்பார்கள். எந்த ஜில்லா, எந்தத் தோட்டம் என்று எண்ணும் எழுத்தும் அடித்திருக்கும். வழிச்செலவை எந்தத் துரையின் கணக்கில் எழுதவேண்டும் என்பதற்கான அடையாளம் அது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறப் போனால் கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921ல்தான் ஒழிந்தது. முகாமில் பதிவேடு, தோட்டத்தில் செக்குரோல், ஆஸ்பத்திரியில் புழுக் கணக்கு. ஆக, நம் பாட்டன் பூட்டன் அளவுக்குத் தாளில் எழுதப்பட்டவன் அந்த நாளில் பெரிய மிராசுதாரில்கூடக் கிடையாது. அவன் மலத்தைக்கூட எண்ணி எழுதினார்கள்.

அப்படி எழுதியவர்கள் 1948ல் என்ன கேட்டார்கள்? உன் அப்பன் இலங்கையில் பிறந்ததற்குத் தாள் எங்கே? அப்பன் இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குத் தாள் எங்கே? 1948ஆம் ஆண்டு 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் அதுதான். 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனத்துக்கு அடுத்த தேர்தலில் ஓட்டில்லை. 1949ல் இன்னொரு சட்டம் போட்டு மனுக் கொடுக்கச் சொன்னார்கள். சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக மனுப் போனது, கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. பிறகு 1964 அக்டோபர் 30. 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு பிரதமர்கள் மேசையில் வைத்துப் பங்கு போட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் உனக்கு, 3 லட்சம் எனக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம். 1974ல் அந்த மிச்சத்தையும் பாதிப்பாதியாக வெட்டினார்கள். மலையகத்தில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடம்பை எண்ணும்போது ஒவ்வொரு ஆளாக எண்ணினார்கள். உரிமை என்று வந்தபோது மூட்டை மூட்டையாக எடை போட்டார்கள்.

அப்பத்தா வந்து இறங்கியது அந்த 5 லட்சத்து 25 ஆயிரத்தில் ஒருத்தியாக. "தாயகம் திரும்பியோர்" என்று பெயர் வைத்தார்கள். பிறந்த மண்தான், ஆனால் போகும்போது அவளுக்கு விவரம் தெரியாத வயசு. திரும்பியவர்களில் கொஞ்சம் பேர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள், கொஞ்சம் பேர் நூற்பாலைக்கு. 1980களில் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் கூப்புகளில் கொத்தடிமைகளாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களும் இவர்கள்தான். நாங்கள் பழங்காநத்தத்தில் ஒண்டினோம். ஊர்ப் பேரிலேயே நத்தம் இருக்கிறது. நத்தம் என்றால் வீடு கட்டிக் குடியிருக்கிற நிலம். ஊர் நத்தம் வேறு, சேரி நத்தம் வேறு என்று பழைய ரெவின்யூக் கணக்கிலேயே பிரித்து எழுதியிருப்பான். திரும்பி வந்தவனுக்கு இரண்டிலும் இடமில்லை.

நான் பத்தாவது முடித்துச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனபோது ஒரு தாலுகா ஆபீசில் கேட்டார்கள்: "உங்கப்பாவோட கம்யூனிட்டி சர்டிபிகேட்?" அப்பா பிறந்தது தோட்டத்தில், அவருக்கு எங்கே இருந்து வரும்? "அப்ப தாத்தாவோடது?" தாத்தாவிடம் இருந்திருக்கக்கூடியது தகர டிக்கெட். அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தால் அந்தக் கிளார்க் என்ன செய்திருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன். 1948ல் கொழும்பில் கேட்ட அதே கேள்விதான், அதே வரிசையில்: அப்பன், பாட்டன். ஊரில் குடிசையைக் கொளுத்துகிறவனுக்கு நாம் என்ன சாதி என்று சான்றிதழ் இல்லாமலே தெரிகிறது, ஆபீசுக்குத்தான் தெரிவதில்லை.

மண்டபத்தில் இன்றைக்கும் முகாம் இருக்கிறது. யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். 2021ல் தமிழ்நாடு அரசு அதை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. பெயர் நல்ல பெயர்தான். இவர்களில் மலையகத்து வேர் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, அதாவது ஒப்பந்தப்படி எப்போதோ இந்தியனாகியிருக்க வேண்டியவர்களின் பிள்ளைகள். 65 பேர் சேர்ந்து நம் மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். சட்டவிரோதமாக வந்தவர்கள் என்றது ஒன்றிய அரசு. 2019 ஜூனில், இவர்களின் குடியுரிமை மனுக்களைப் பரிசீலித்து முடிவெடுங்கள் என்றது நீதிமன்றம். அதே வருசம் டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தானுக்கு உண்டு, வங்கதேசத்துக்கு உண்டு, ஆப்கானிஸ்தானுக்கு உண்டு, அதிலும் முஸ்லிமுக்கு இல்லை. இலங்கை அந்தப் பட்டியலிலேயே இல்லை. நம் தமிழ்த் தேசிய நண்பர்கள் இதற்குக் கொதித்தார்கள், சரிதான், நானும் கொதித்தேன். ஆனால் மேடையில் ஏறியதும் "தமிழன்", "தமிழன்" என்றுதான் பேச்சு. கப்பலேறியவனும் தமிழன், ஏற்றிவிட்ட கங்காணியும் தமிழன், செருப்புக்குத் தீ வைத்தவனும் தமிழன் என்றால் யாரிடம் போய் நியாயம் கேட்பது? தமிழனின் துயரம் என்று மொத்தமாக மூட்டை கட்டினால் அதற்குள் பறையன், பள்ளன், சக்கிலியனின் துயரம் அடியில் நசுங்கிப்போகும்.

அப்படியானால் நீயே எழுதேன், யார் தடுத்தது என்கிறார்கள். தடுத்ததைச் சொல்கிறேன்.

இந்த வரலாற்றின் தாள்கள் எங்கே இருக்கின்றன? கொஞ்சம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். கொஞ்சம் கொழும்பில். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்து இந்தியா ஆபீஸ் பதிவேடுகளில் கொஞ்சம். ராக்ஃபெல்லர்காரர்களின் புழுக் கணக்கு அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், அவர்களுடைய காப்பகத்தில். எங்கள் அப்பத்தா வயிற்றிலிருந்து என்ன வந்தது என்று தெரிந்துகொள்ள அவள் பேரன் நியூயார்க் போகவேண்டும்! போகலாம். தாழ்த்தப்பட்டோர், நாடோடிப் பழங்குடிகள், நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசின் உதவித்தொகை ஒன்று உண்டு. நாடு முழுமைக்கும் 125 பேர். 2022ல் அதற்குப் புது விதி போட்டார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்தப் பணம் கிடையாது. ஏன் என்று கேட்டால், அதையெல்லாம் படிக்க உள்நாட்டிலேயே வேண்டிய வசதி இருக்கிறதாம். வெளிநாட்டில் போய் வேறு துறை படியுங்கள்.

உள்நாட்டு வசதியை ரோகித் வெமுலா அறிவான். அறிவியலும் தொழில்நுட்பமும் சமூகமும் பற்றிய ஆய்வில்தான் அய்தராபாத்தில் பதிவு செய்திருந்தான். 2016 ஜனவரியில் அவன் செத்தபோது ஏழு மாத உதவித்தொகை, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், அவனுக்கு வரவேண்டியிருந்தது. செத்த பிறகு நாடு என்ன விசாரித்தது? அவன் தலித்துதானா, சான்றிதழ் சரிதானா என்று. 2024ல் தெலங்கானா போலீஸ் வழக்கை முடிக்கக் கொடுத்த அறிக்கையிலும் அதே பேச்சு. எதிர்ப்பு வந்தபிறகு மேலும் விசாரிப்போம் என்றார்கள். அப்பன் எங்கே, பாட்டன் எங்கே, தாள் எங்கே.

விஞ்ஞானம் படி, கம்ப்யூட்டர் படி, வரலாறு உனக்கு எதற்கு என்பது அக்கறைபோலத் தெரியும். நம் ஆட்களிலேயே பலர் இதைச் சொல்கிறார்கள். பி.எச்டி. முடித்துவிட்டு மணிக்கணக்குச் சம்பளத்தில் கல்லூரி கல்லூரியாக அலைகிற பையன்களைப் பார்த்தபிறகு அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயிறு முக்கியம். என் தங்கச்சி மகன் என்ஜினீயரிங் போனபோது நானே சந்தோசப்பட்டேன். ஆனால் விஞ்ஞானத்தையும் வரலாற்றையும் எதிரெதிரே நிறுத்துகிற இந்தக் கணக்கை அம்பேத்கர் எப்போதோ உடைத்தவர். ரிஸ்லியும் நம் சென்னை மியூசியத்துத் தர்ஸ்டனும் இடுக்கியை எடுத்துக்கொண்டு மூக்கை அளந்தார்கள். மூக்கு அகல அகலச் சாதி தாழும் என்று 1891லேயே ரிஸ்லி விதி எழுதினார். அம்பேத்கர் 1948ல் வெளியிட்ட தீண்டப்படாதவர்கள் நூலில் அந்த மூக்குக் கணக்கைத் தூக்கி எறியவில்லை. அதே கணக்கைக் கையில் எடுத்தார், பார்ப்பனருக்கும் தீண்டப்படாதவருக்கும் இனத்தால் வேறுபாடு இல்லை என்று அதைக்கொண்டே காட்டினார். அளந்தவன் கருவியாலேயே அளந்தவன் முடிவைக் கவிழ்த்தார். அயோத்திதாசர் மருத்துவர், பத்திரிகைக்காரர், வரலாறு எழுதியவர், மூன்றும் ஒரே ஆள்தான். அவருடைய 'தமிழன்' கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாசிக்கப்பட்டது. இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்துவிட்டுத்தான் லண்டன் வட்டமேசைக்குப் போய் உட்கார்ந்தார். கடல் கடந்த நம் வரலாற்றில் கூலி மட்டும் இல்லை, வாசகன் இருந்தான், பத்திரிகை இருந்தது, அரசியல் இருந்தது. புலம்பெயர்வு ஆய்வுகளில் இந்த ஆட்கள் எங்கே? 1982ல் தொடங்கிய அடித்தள மக்கள் ஆய்வுத் தொகுதிகளில் எங்கே? அடித்தளம் என்று பெயர் வைத்தார்கள், அந்தத் தளத்தில் இறங்கி நின்று பார்க்கத்தான் ஆளில்லை.

நெறியாளர் அய்யாவுக்கு ஒன்று சொல்லவேண்டும். சாதியை எடுத்துவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது சுத்தமான அறிவியல் வரலாறு இல்லை, காரணம் தெரியாத புழு. புழு ஏறியது தெரியும், எந்தக் கால் என்று தெரியும், கால் ஏன் திறந்து கிடந்தது என்று தெரியாது. டாக்டருக்கு அது தெரியாமல் போனதை மன்னிக்கலாம், அவருக்குத் தமிழ் தெரியாது, ஊர் தெரியாது. உங்களுக்கு ஊர் தெரியும் அய்யா. உங்கள் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தவர்களைச் சின்ன வயசில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

என் ஆய்வை நான் முடிக்கவில்லை. சாதியை எடுக்கச் சொன்ன அத்தியாயத்தை எடுக்க மறுத்தேன், பதிவு காலாவதியாகிவிட்டது. அது என் கணக்கு, போகட்டும். எங்கள் பகுதியில் இப்போது இரண்டு பெண்பிள்ளைகள் வரலாறு எம்.ஏ. படிக்கிறார்கள். ஒருத்தி ராமநாதபுரத்துக்காரி, கொட்டகைத் தெருப் பக்கம் வாடகைக்கு இருக்கிறாள். அந்த எட்டுத் தடையை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எங்க ஊர்ல இதுல மூணு இன்னும் இருக்குண்ணே" என்றாள்.

அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மதுரை, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற தோழர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். தகர டிக்கெட், துண்டு, தோட்டத்துச் செக்குரோல் சீட்டு, கப்பல் சீட்டு, மண்டபத்தில் கொடுத்த குடும்பக் கார்டு, பழைய போட்டோ, எது இருந்தாலும் எறியாதீர்கள், பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள். போய்வந்த கிழவன் கிழவி இன்னும் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்யுங்கள். ஊரில் செருப்பு யார் போட்டார், முதல் முதலில் குடை பிடித்தது யார், அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ளதை அவள் எப்படியாவது போய்ப் பார்த்துக்கொள்வாள். இது இங்கே இருக்கும்போதே எடுத்தாகவேண்டும்.

எங்கள் அப்பத்தா கார்டு என்னிடம் இருக்கிறது. ஓரம் கரையான் அரித்தது. முதலில் அதைத்தான் அவளிடம் கொடுத்திருக்கிறேன்.